மகளே நிதி திரட்ட விரும்புகிறாள்: அனுமதிக்கலாமா?

செந்தூல் தாய்:
வணக்கம். என் மகளுக்குப் பதினொரு வயது. இரத்தப் புற்றுநோய்க்காகக் கோலாலம்பூரில் ஒன்றரை ஆண்டாகச் சிகிச்சை பெற்று, இப்போது வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடும் பராமரிப்புக் கட்டத்திற்கு வந்திருக்கிறாள். வார்டில் இருந்த மாதங்களில் மாத்திரைப் பெட்டிகளைப் பிரித்து அவற்றின் வெள்ளைப் பக்கத்தில் புள்ளிக் கோலம் போட்டுப் பழகியவள், இப்போது அந்தக் கோலங்களைத் தீபாவளி வாழ்த்து அட்டைகளில் வரைந்து விற்று, கிடைப்பதை அதே குழந்தைகள் வார்டுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறாள். நாற்பது அட்டைகள் தயார். என் கணவரோ, "பிள்ளையின் நோயைக் காட்டி ஊரிடம் கையேந்துவதா?" என்கிறார். நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது இது தடையாகுமே என்பது மாமியாரின் கவலை. அரசு மருத்துவமனையில் கட்டணமே சொற்பந்தானே, அதற்கு எதற்குப் பணம் என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். யாருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி, பட்டர்வொர்த்:
அம்மா, கடைசிக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். கட்டணம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பாலிங்கிலிருந்தோ கூலிமிலிருந்தோ பினாங்கு மருத்துவமனைக்குப் பிள்ளையைக் கொண்டுவரும் குடும்பத்திற்குப் பேருந்துச் செலவும், கட்டிலோரம் வாரக்கணக்கில் இருக்கும் தாயின் சாப்பாடும், தகப்பன் இழக்கும் நாள் கூலியும் எந்தக் கட்டணச் சீட்டிலும் வருவதில்லை. ஃபெரி ஏறும்போது சில்லறையை எண்ணி எண்ணிப் பார்த்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே வார்டுக்கு என்ன தேவை என்பதைப் பொறுப்புத் தாதியிடம் முதலில் கேளுங்கள். நல்ல எண்ணத்தோடு பஞ்சுப் பொம்மைகளையும் பூங்கொத்துகளையும் கொண்டுவருவார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்த பிள்ளைகளுக்கு அவற்றால் தொற்று வரலாம் என்பதால் நாங்கள்தான் திருப்பி அனுப்பி, பொல்லாப்பையும் கட்டிக்கொள்வோம்.

இன்னொன்று, உங்கள் மகளைத் தீபாவளிச் சந்தை நெரிசலில் கடை போட்டு உட்கார வைக்காதீர்கள். பராமரிப்புக் கட்டத்திலும் வெள்ளை அணுக்கள் இறங்கக்கூடும். அம்மை போட்டவர் அருகில் இருந்தாள் என்று தெரிந்தால், உடம்பில் ஒன்றும் தோன்றாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் நள்ளிரவானாலும் உடனே கிளம்புங்கள். அட்டையை அவள் வரையட்டும், விற்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பினாங்கு இளைஞன்:
நானும் பத்து வயதில் இதே நோயிலிருந்து மீண்டவன்தான். சகோதரி, உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது ஒரு நிதி விருந்துக்கு என்னை அழைத்துச் சென்றார்கள். மேடை ஏறுமுன் ஒருவர் என் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். மொட்டைத் தலை தெரிந்தால்தான் மனம் இளகுமாம். நன்றாகவே பணம் சேர்ந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு இன்றும் நினைவிலிருப்பது, குளிரூட்டியின் காற்று தலையில் பட்டதும், தொப்பியை எப்போது திருப்பித் தருவார்கள் என்று நான் காத்திருந்ததுந்தான்.

ஆனால் உங்கள் மகளின் கதை வேறு. அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஸ்காட் என்ற சிறுமி, நியூரோபிளாஸ்டோமா புற்றுநோயோடு வாழ்ந்தபடியே, 2000ஆம் ஆண்டு தன் நான்காம் வயதில் வீட்டு வாசலில் எலுமிச்சைப் பானம் விற்று, தன் மருத்துவமனைக்காக 2,000 டாலர் சேர்த்தாள். 2004இல் எட்டு வயதில் அவள் இறப்பதற்குள் அது பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. யோசனை அவளுடையது, விற்றதும் பானத்தைத்தான். உங்கள் மகளும் கோலத்தை விற்கிறாள். பொருளைக் கொடுத்துக் காசு வாங்குவதைக் கையேந்துவதாக நான் எண்ணவில்லை. அவளுடைய பெயர், படம், நோய் ஆகியவற்றில் எதை வெளியிடலாம் என்பதை அவளே சொல்லட்டும். இன்று சரி என்றதை நாளை வேண்டாம் என்றாலும் கேளுங்கள். மூன்றும் இல்லாமலே அட்டை விற்கும் என்றால் பாட்டியின் கவலைக்கும் இடமிருக்காது.

கணக்காளர், பிரிக்ஃபீல்ட்ஸ்:
சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: வீடு வீடாகவோ தெருவிலோ நிதி திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். எனவே கோயில் வாசலில் உண்டியலோடு நிற்கவேண்டாம். உங்கள் சொந்த வங்கிக் கணக்கிலும் பணத்தைச் சேர்க்காதீர்கள். எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பேச்சு வரும். மருத்துவமனையிடமோ, அதற்கு உதவும் பதிவுபெற்ற அமைப்பிடமோ எழுத்துவழி ஒப்புதல் பெற்று, பணம் நேரே அங்கே போய்ச் சேரும்படி செய்யுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு என்றால், தனியாக நன்கொடை அளிப்பவர்களுக்கு வரிக்கழிவு ரசீது கிடைக்கும். அட்டையை விலைக்கு வாங்கியவர்கள் அதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ரசீது எங்கே என்று உங்களைத்தான் கேட்பார்கள்.

செந்தூல் தாய்:
அனைவருக்கும் நன்றி. தம்பி எழுதியதை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். படமும் பெயரும் வேண்டாம், அட்டையின் பின்புறத்தில் "வார்டில் கற்ற கோலம்" என்று மட்டும் போட்டால் போதும் என்கிறாள் மகள். தாய்மார் இரவில் சாய்ந்துகொள்ள மடக்கு நாற்காலிகள் போதவில்லை என்று பொறுப்புத் தாதி சொன்னார். ஒரு நாற்காலிக்கு எத்தனை அட்டை என்று கணக்குப் போட்டு ஐந்து வெள்ளி விலை வைத்திருக்கிறாள் மகள். மூன்று வெள்ளி என்றால்தான் விற்கும் என்கிறார் அவள் அப்பா. இப்போது அதில்தான் இருவருக்கும் வாக்குவாதம்.