புல்லட் 350: சூடானதும் நிற்கிறது, நல்ல கண்டென்சர் எங்கே கிடைக்கும்?

வணக்கம். புதிதாக வாங்கிய பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) எஞ்சின் ராயல் என்ஃபீல்டு புல்லட் பைக். தேவகோட்டையில் ஒரு வீட்டு வளவில் நெடுநாள் நின்ற வண்டி. ஆயில் கிராங்க் கேஸுக்குள் (எஞ்சினின் அடிப்பெட்டிக்குள்) இறங்கியிருந்தது. டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி வடித்ததும் நீலப்புகை நின்றது.

தொல்லை வேறு. எஞ்சின் நன்றாகச் சூடானதும் மிஸ் அடித்து நின்றுவிடுகிறது. ஆறினால் ஒரே கிக். பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனைகள்) கேப் 0.38 மி.மீ., டைமிங் (பொறி விழும் நேரம்) முழு ரிடார்டில், அதாவது மிகவும் பின்தள்ளிய நிலையில், டி.டி.சி.க்கு (பிஸ்டனின் உச்ச நிலைக்கு) முன் 0.8 மி.மீ., டேப்பெட் (வால்வு இடைவெளி) குளிர்ந்த எஞ்சினில் புஷ்ராட் (வால்வைத் தள்ளும் கம்பி) விரலால் தடையின்றிச் சுழலும் அளவு. டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டினாலும் அப்படியேதான், ஆகவே மூடியின் காற்றுத் துளை அடைப்பு இல்லை. பாயிண்டில் மட்டும் பொறி பறக்கிறது. ஒரு முனையில் குழி, எதிர் முனையில் மேடு. பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்க வேண்டிய கண்டென்சர் மேல்தான் சந்தேகம். புதிதாக மாட்டியதிலும் மாற்றமில்லை, இப்போது வரும் சரக்கை நம்ப முடியவில்லை. அடுத்த சந்தேகம் இக்னிஷன் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மேல்.

சூட்டைத் தாங்கும் கண்டென்சர் காரைக்குடி, மதுரைப் பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்? உதிரிபாகச் சந்தையான சென்னை புதுப்பேட்டைக்கே போக வேண்டுமா? அதோடு, 70 மி.மீ. போரை (சிலிண்டர் துளையை) ஓவர்சைஸ் பிஸ்டனுக்குச் சரியாகக் கடைந்து தரும் லேத் பட்டறை தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள். பழைய கண்டென்சர் கைவசம் இருந்தாலும் போதும், வந்து வாங்கிக்கொள்கிறேன்.