மாநில நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் திட்டத்தில் ‘கூட்டு’ என்பது எவ்வளவு தூரம் உண்மை?

கேள்வி: வளைவுச்சாலை

அமெரிக்க மாநிலம் ஒன்றில், ஒரு கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பொறியியல் அலுவலகத்தில் சில மாதங்களாகப் பணிபுரிகிறேன். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டிய உத்திசார் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் திட்டத்தை எங்கள் மாநிலம் இப்போது கையில் எடுத்திருக்கிறது. சாலையை விட்டு விலகிச் செல்லும் வாகனங்கள் குறித்த பணிக்குழுவுக்கு என்னை அனுப்புகிறார்கள்.

பழைய திட்டத்தைப் படித்துப் பார்த்தேன். போக்குவரத்துத் துறை, காவல்துறை, பொது சுகாதாரத் துறை, ஓட்டுநர் உரிமத் துறை, மிதிவண்டி அமைப்புகள் என்று முதல் பக்கம் முழுவதும் முத்திரைகள். ஆனால் எந்தச் சாலையில் எந்த ஆண்டில் என்ன வேலை நடக்கும் என்பது எங்குமே இல்லை. இத்தனை பேர் கூடி எழுதுவதால் உயிரிழப்பு குறைகிறதா, அல்லது கூட்டாட்சி நிதியைப் பெறுவதற்கான ஒரு தாளா இது? சிறிய கவுண்டியிலிருந்து போகும் நான் அங்கே எதைக் கேட்க வேண்டும்?

பதில் 1: ஓய்வுபெற்ற பாதுகாப்புப் பொறியாளர்

நிதிக்காகத்தான் எழுதப்படுகிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2005ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு மேம்பாட்டுக்கென்று தனி நிதியை ஏற்படுத்தியபோதே, தரவின் அடிப்படையில், பல துறைகளையும் கலந்தாலோசித்து எழுதிய திட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்து வைத்தது. நீங்கள் பார்த்த முத்திரைகளில் பல அந்தச் சட்டத்தின் பட்டியலிலிருந்து வந்தவை. ரயில்வே கடவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரைக்கூட அழைத்தாக வேண்டும்.

திட்டத்தில் சாலையின் பெயர் இல்லை என்பது குறையல்ல. அது எந்த வகை விபத்துக்கு முன்னுரிமை என்று மட்டுமே சொல்லும். பணம் வேறு இடங்களில் இருக்கிறது. பொறியியல் வேலைகளுக்கு மேம்பாட்டு நிதி. இருக்கை வார், மதுபோதை தொடர்பான காவல் பணிகளுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் மானியம். லாரிகளுக்கு இன்னொரு திட்டம். இந்த நிதிப் பைகளை வைத்திருப்பவர்கள் வெவ்வேறு அலுவலகங்களில், வெவ்வேறு நாள்காட்டிகளில் இயங்குகிறார்கள். பணிக்குழுவில் முடிவான முன்னுரிமை இவர்களுடைய அடுத்த ஆண்டுச் செலவுப் பட்டியலில் வந்து சேர்ந்தால்தான் அது கூட்டுத் திட்டம். ஆகவே உங்கள் முதல் கேள்வி, “இந்த நடவடிக்கைக்கு எந்தப் பையிலிருந்து பணம் வரும், அந்தப் பையின் பொறுப்பாளர் இந்த அறையில் இருக்கிறாரா?” என்பதாக இருக்கட்டும்.

அடுத்தது உங்கள் கவுண்டிக்கே உரியது. நாட்டு மக்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினரே ஊர்ப்புறங்களில் வாழ்ந்தாலும், சாலை உயிரிழப்புகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அங்கேதான் நிகழ்கிறது. ஆனால் அவை சிதறிக் கிடக்கின்றன: இந்த ஆண்டு ஒரு வளைவு, அடுத்த ஆண்டு பத்து மைல் தள்ளி இன்னொரு வளைவு. விபத்து குவியும் இடங்களை மட்டும் தேடினால் உங்கள் சாலைகள் எந்தப் பட்டியலிலும் வராது. வளைவின் ஆரம், சாலையோரத்தின் அகலம், போக்குவரத்தின் அளவு போன்ற பண்புகளைக் கொண்டு ஆபத்தைக் கணித்து, விபத்து நடக்காத வளைவுகளிலும் எச்சரிக்கை அம்புக்குறிகள், அதிர்வுப் பட்டைகள், அகலமான ஓரக்கோடுகள் ஆகியவற்றைப் பரவலாக அமைப்பதே வழி. மினசோட்டா தன் 87 கவுண்டிகளுக்கும் இப்படித் தனித்தனிப் பாதுகாப்புத் திட்டம் தயாரித்துக் கொடுத்தது. இந்த நிதியை மாநில நெடுஞ்சாலைகளில் மட்டுமல்லாமல் எல்லாப் பொதுச் சாலைகளிலும் செலவிடலாம் என்பதை அறையில் யாராவது மறந்தால் நினைவூட்டுங்கள். மறப்பார்கள்.

பதில் 2: காயப்பதிவேடு

மருத்துவமனைகளின் காயப் பதிவேட்டில் வேலை செய்கிறவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். இறப்புக் கணக்கு ஓரளவு தெளிவானது. விபத்து நடந்து 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணம் என்ற வரையறையில் 1975 முதல் தேசிய அளவில் சேகரிக்கப்படுகிறது. கடுமையான காயத்தின் கணக்கு அப்படியல்ல. சாலையோரத்தில் நிற்கும் காவலர் தம் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து, காயம் எவ்வளவு கடுமையானது என்பதைக் காட்டும் ஓர் எழுத்தை அறிக்கையில் குறிக்கிறார். நெற்றியில் ரத்தம் வழிபவர் மாலையில் வீடு திரும்பிவிடலாம். “எனக்கு ஒன்றுமில்லை” என்று எழுந்து நடந்தவருக்கு உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம். மருத்துவமனைத் தரவை விபத்து அறிக்கையுடன் இணைத்தாலொழிய இந்தப் பிழை வெளியே தெரியாது. நான் சென்ற ஒரு கூட்டத்தில் சுகாதாரத் துறையிலிருந்து வந்த நாங்கள் இருவரும் கடைசி வரிசையில் அமர்ந்து நாள் முழுவதும் தடுப்புக் கம்பிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்களிடம் யாரும் தரவு கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

பதில் 3: எண்கணக்கன்

முதல் பதிலில் உள்ள நம்பிக்கை எனக்கு இல்லை. 2011இல் 32,479ஆக இருந்த நாட்டின் சாலை உயிரிழப்பு 2021இல் ஏறத்தாழ 43,000ஐத் தொட்டது. இந்தக் காலம் முழுவதும் எல்லா மாநிலங்களிடமும் திட்டம் இருந்தது. பாதசாரிகளின் நிலை இன்னும் மோசம்: 2009இல் சுமார் 4,100 பேர், 2022இல் 7,500க்கும் மேல். இதற்குத் திட்டங்களைக் குற்றம் சொல்வது முழு நியாயமாகாது. ஆனால் ஒரு மாநிலம் தன் பாதுகாப்பு நிதியில் பாதி வரை வேறு சாலைப் பணிகளுக்கு மாற்றிக்கொள்ளச் சட்டமே இடமளிக்கிறது. கடந்த ஐந்தாண்டுகளில் எவ்வளவு மாற்றப்பட்டது என்ற எண்ணைக் கூட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். பாதசாரிகளும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் மாநிலத்தின் உயிரிழப்பில் 15 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்த நிதியில் குறைந்தது 15 விழுக்காட்டை அவர்களுக்காக ஒதுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எனக்குத் தெரிந்து உண்மையில் பிடி உள்ள விதி அது ஒன்றுதான்.

கேட்டவர்: வளைவுச்சாலை

மூவருக்கும் நன்றி. ஒரு தயக்கம். எங்கள் ஆபத்தான வளைவுகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தால், நாளை அங்கே விபத்து நடக்கும்போது “தெரிந்தும் சரிசெய்யவில்லை” என்று எங்கள் மீதே வழக்குத் தொடுப்பார்கள் என்று மேலதிகாரி அஞ்சுகிறார்.

பதில் 1: ஓய்வுபெற்ற பாதுகாப்புப் பொறியாளர்

இந்த அச்சம் பழையது. இதனால்தான் கூட்டாட்சிச் சட்டத்தொகுப்பின் 23ஆம் தலைப்பில் 409ஆம் பிரிவு இருக்கிறது. பாதுகாப்பு மேம்பாட்டைத் திட்டமிடுவதற்காகத் தொகுத்த பட்டியலை இழப்பீட்டு வழக்கில் சான்றாகப் பயன்படுத்த முடியாது. 2003இல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் காவல்துறை தன் சொந்தப் பணிக்காக எழுதி வைத்திருக்கும் அசல் அறிக்கைக்கு, அதன் நகல் உங்களிடம் இருக்கிறது என்பதற்காக இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, கவுண்டி வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, மேலதிகாரியின் கையொப்பத்துடன் எடுத்துச் செல்லுங்கள்.