மும்பையில குறையைச் சொல்ல வார்டு ஆபீசுக்குக் கணக்கெழுதின நோட்டோட போனவங்க, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க

சீத்தா கேம்ப் அக்கா:
என்னோடது சண்டாஸ் விஷயம். எங்க சந்துக்கெல்லாம் சேர்த்து ஒரே பொதுக் கழிப்பறை. பெண்கள் பக்கம் எட்டு, அதுல மூணுக்குக் கதவே கிடையாது. விடியக்காலை நாலரைக்கே வரிசை நிக்கும். வயசுக்கு வந்த பிள்ளைங்க ராத்திரி தண்ணி குடிக்கவே பயப்படும். மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ஞ்சுட்டோம்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான், "எத்தனை பேரு, எத்தனை கதவுன்னு எழுதிக்கிட்டுப் போங்கடி"ன்னாங்க. அவங்க ஜனதா காலனிக்காரங்க. 1976ல, எமர்ஜென்சி நேரம், அணு ஆராய்ச்சி மையத்துக்காகக் காலனியை இடிச்சு ஜனங்களை இங்க கொண்டாந்து விட்டாங்களே, அந்தக் காலனி. கோலார் தங்கவயல்லேர்ந்து வந்து குடிசை ஜனங்களுக்காகப் போராடின ஜோக்கின் அற்புதம் சின்னப் பசங்களைக் கூட்டிக்கிட்டு, அள்ளாம கிடந்த குப்பையை மாநகராட்சி ஆபீஸ் வாசல்லயே கொண்டுபோய்ப் போட்டது அங்கதான்.

அஞ்சு பேர் ஒரு வாரம் வீடு வீடா ஏறினோம். எழுதத் தெரியாதவங்க கோடு போட்டாங்க. பெண்கள் மட்டும் 316 பேர். தூய்மை இந்தியா விதியில பெண்கள் 25 பேருக்கு ஒண்ணு, ஆண்கள் 35 பேருக்கு ஒண்ணு இருக்கணும். அப்படிப் பார்த்தா எங்களுக்குப் பதிமூணு வேணும். கதவோட இருந்தது அஞ்சு.

அதிகாரி நோட்டைப் புரட்டிட்டு, "யாரு எடுத்த கணக்கு?"ன்னு கேட்டார். "நாங்கதான் சார்"னோம். அந்த வாரமே நேர்ல வந்து பார்த்தார். ரெண்டு மாசத்துல மூணு கதவும் வந்துச்சு. மீதி அஞ்சுக்கு இன்னும் நடந்துக்கிட்டு இருக்கோம்.

தாராவி தம்பி:
அக்கா, எங்க சாக்கடைக்கு நாங்க தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டோம். பத்து ரூபாய்தான் கட்டணம், 30 நாள்ல பதில் தரணும். வந்த காகிதத்துல வேலை முடிஞ்சுதுன்னு போட்டிருந்தது! அதையும் உடைஞ்ச மூடி போட்டோவையும் ஒண்ணா வெச்சு நீட்டினதும் யாராலயும் மறுக்க முடியல. மழைக்கு முன்னாடி மூடி மாத்திட்டாங்க.

ஆன்டாப் ஹில் தங்கச்சி:
அக்கா, நாங்களும் கணக்கெடுக்கப் போறோம். அந்த நோட்டை ஆபீஸ்லயே கொடுத்துட்டீங்களா?

சீத்தா கேம்ப் அக்கா:
கொடுக்கவே கொடுக்காதம்மா. ஜெராக்ஸ் மட்டும் கொடு. உன் காப்பியில இன்வர்ட் நம்பரும் (மனு வந்து சேர்ந்துச்சுன்னு அவங்க பதியுற நம்பர்) சீலும் போடுற வரைக்கும் கவுன்டரை விட்டு நகராதே. போகும்போது நாலு பொம்பளைங்களாவது சேர்ந்து போங்க.