ஏர்பஸ் ஏ320 விமான பைலட்டுகள் கம்பெனி மாறும்போது எங்கே மாட்டுகிறார்கள்? பார்த்ததை எழுதுங்கள்

வலதுசீட்

க்ரூ ரூமில் பார்த்தது, மனசை விட்டுப் போகவில்லை. ஃபர்ஸ்ட் ஆஃபீசர் (கோ-பைலட்) தம்பி ஒருவன் புது ஆஃபர் லெட்டரை சீனியர் கேப்டனிடம் நீட்டினான். சம்பளப் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராக மூன்றாம் பக்கத்துக்குப் போய் ஒரு வரிக்குக் கீழே நகத்தால் கோடு போட்டார்: "சீனியாரிட்டி லைன் ரிலீஸ் தேதியிலிருந்து."

தம்பிக்கு அதன் கனம் தெரியவில்லை. சேரும் தேதியிலிருந்து என்று இருந்தால் கவலை இல்லை. ரிலீஸ் தேதி என்றால் கிளாஸ், சிம் (சிமுலேட்டர்), பயிற்சியாளர் மேற்பார்வையில் பறக்கும் சூப்பர்வைஸ்டு லைன் ஃப்ளையிங், ரிலீஸ் செக் எல்லாம் முடிந்த பிறகுதான் சீனியாரிட்டி நம்பர். நடுவில் சிம் ஸ்லாட் கிடைக்காமல் இரண்டு மாதம் உட்கார வைத்தால் பின்னால் சேர்ந்தவன் முன்னால் போய்விடுவான். கமாண்ட் (கேப்டன் ஆவது), லீவ், பேஸ் (பணி ஊர்) டிரான்ஸ்ஃபர் மூன்றுக்கும் அந்த ஒரே நம்பர்தான் வரிசை. எச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள்: எந்தத் தேதி? ஒரே பேட்சுக்குள் யார் மேலே, வயசா, மொத்த மணியா, லைசென்ஸ் தேதியா? போனில் சொன்ன பதிலை நம்பி ராஜினாமா கொடுக்காதீர்கள்.

ரோஸ்டர் மேசை

வலதுசீட் சொன்னது சரி, ஆனால் பாதிதான். கம்பெனிகள் இணைந்தால் அந்த நம்பரே திரும்ப எழுதப்படும். 2024 அக்டோபர் 1-ல் ஏஐஎக்ஸ் கனெக்ட் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு சேர்ந்தது. நவம்பர் 12-ல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு சேர்ந்தது. இரண்டு பட்டியலை ஒன்றாகக் கோக்கும்போது எல்லோரும் பழைய இடத்திலேயே இருக்க முடியாது.

நான் முதலில் பார்க்கச் சொல்வது உத்தரவாத மணி, அதாவது பறந்தாலும் பறக்காவிட்டாலும் சம்பளம் கிடைக்கும் மணி. 2024 ஏப்ரலில் விஸ்தாரா பைலட்டுகள் கொதித்ததும் இதனால்தான்: நிலையான சம்பளம் 70 மணிக்கு என்பது புது ஒப்பந்தத்தில் 40 மணிக்கு என்று ஆனது. ரோஸ்டர் (பணி அட்டவணை) மேசைக்கு வந்து இரண்டு ஆஃபரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது பெரிய நம்பர் சார்" என்று காட்டுகிறவர்களுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டும் கணக்கு இது. தொகைகள் உதாரணத்துக்கு மட்டும்.

முதல் ஆஃபர்: 70 மணி வரை 2,10,000. அதற்கு மேல் மணிக்கு 3,000. இரண்டாவது: 40 மணி வரை 1,40,000. அதற்கு மேல் மணிக்கு 3,500. மாதம் 75 மணி பறந்தால் முதலாவதில் 2,25,000, இரண்டாவதில் 2,62,500. பார்த்ததும் இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும். 50 மணிதான் கிடைத்தது என்றால்? முதலாவதில் அதே 2,10,000. இரண்டாவதில் 1,75,000. இரண்டும் சமமாகும் இடம் 60 மணி. ஆகவே கேள்வி, வருஷத்தில் எத்தனை மாதம் 60-க்குக் கீழே போவீர்கள் என்பது. லீவ் எடுத்த மாதம், சிம் மாதம், மெடிக்கலில் தற்காலிகமாக அன்ஃபிட் ஆன மாதம், பயணிகள் குறையும் சீசன், எல்லாம் கீழே இழுக்கும்.

இன்னொன்று, குறுந்தூர பைலட்டுகள் இதைத் தவற விடுகிறார்கள். சென்னை–டெல்லி போய் வந்தால் இரண்டு லேண்டிங், ஐந்தரை மணிக்கு மேல் ப்ளாக் (விமானம் கிளம்பியதிலிருந்து போய் நிற்கும்வரை உள்ள நேரம், பணம் இதற்குத்தான்). அதே டூட்டி நேரத்தில் சென்னை–பெங்களூர், பெங்களூர்–கொச்சி என்று நாலு செக்டர் (நாலு பறப்பு) அடித்தால் டர்ன்அரவுண்டிலேயே (இறங்கி மறுபடி கிளம்பும் இடைவெளியிலேயே) நேரம் போய் நாலு, நாலரை மணிதான் தேறும். உழைப்பு கூட, பணம் கம்மி. புது டூட்டி விதிகளில் இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தைத் தொடும் டூட்டியில் இரண்டு லேண்டிங்தான். நள்ளிரவுப் பறப்பு அதிகம் உள்ள பேஸில் செக்டர் எண்ணிக்கை தானாகக் குறையும். புது கம்பெனியில் உங்கள் பேஸிலேயே இருக்கும் யாரிடமாவது கடந்த மூன்று மாத ரோஸ்டரை வாங்கிப் பாருங்கள். டெட்ஹெட்டுக்கு (டூட்டிக்காகப் பயணியாகப் போவதற்கு) பணம் உண்டா, ஸ்டாண்ட்பை (கூப்பிட்டால் வரத் தயாராக இருப்பது) மணியாகக் கணக்காகுமா, ப்ளாக் என்பது அட்டவணை நேரமா உண்மையில் பறந்த நேரமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏடிஆர்_திருச்சி

ஏடிஆரிலிருந்து (சிறிய டர்போப்ராப் விமானம்) ஏர்பஸுக்கோ போயிங் 737-க்கோ போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். இன்டர்வியூவில் ஆர்டர் எண்ணிக்கையைக் காட்டி "இரண்டு வருஷத்தில் கமாண்ட்" என்பார்கள். ஆர்டர் வேறு, டெலிவரி வேறு. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்ஏஏ 737 மேக்ஸ் உற்பத்தியை மாதம் 38-க்கு மேல் போகாமல் நிறுத்தியது. அதே வருஷம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை போயிங்கில் ஸ்டிரைக். ஏர்பஸ் பக்கம் பிராட் அண்ட் விட்னி எஞ்சின் சோதனைக்காக ஏ320 வகையின் புது நியோ விமானங்கள் தரையில் நின்றன. விமானம் வராவிட்டால் எத்தனை பேரை எடுத்திருந்தாலும் இடது சீட் காலியாகாது. புது டைப்பில் (விமான வகையில்) டைப் மணி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சேலம்320

பாண்ட் (இத்தனை காலம் இருப்பேன், முன்னால் போனால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) எல்லாம் கோர்ட்டில் நிற்காது ப்ரோ. ராஜினாமா மெயில் தட்டிவிட்டுக் கிளம்பிக்கொண்டே இருங்கள். தெரிந்த பையன் ஒருவன் அப்படித்தான் போனான், ஒன்றும் ஆகவில்லை.

கோப்புக்கட்டு

சேலம்320, இதைப் படித்து யாராவது அப்படியே செய்துவிடப் போகிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். பாண்டும் நோட்டீஸும் வெவ்வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

நோட்டீஸ் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் விதி. 2017 ஆகஸ்டிலிருந்து கமாண்டருக்கு ஒரு வருஷம், கோ-பைலட்டுக்கு ஆறு மாதம். கம்பெனி முன்னதாகவே ராஜினாமாவை ஏற்று என்ஓசி (ஆட்சேபணை இல்லை சான்று) கொடுத்தால் குறையும். அந்தக் காலத்தில் கொடுத்த டூட்டியை நீங்கள் மறுக்கக் கூடாது, உங்கள் நியாயமான உரிமைகளைக் கம்பெனி பறிக்கக் கூடாது. இரண்டுமே அதே விதியில் இருக்கிறது. 2023-ல் 43 பைலட்டுகள் நோட்டீஸ் முடிக்காமல் போனபோது ஆகாசா ஏர் மும்பை உயர் நீதிமன்றத்துக்கும் போனது, டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனது. ஒன்றும் ஆகாது என்பது தப்பு.

பாண்ட் ஒப்பந்தச் சட்டத்தில் வருவது. "கோர்ட்டில் நிற்காது" என்பவர்கள், தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற பிரிவு 27-ஐச் சொல்வார்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், வேலைக் காலத்துக்குள் குறைந்தபட்ச சேவையைக் கேட்கும் பாண்ட் அந்தப் பிரிவை மீறவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்குக் கை கொடுப்பது பிரிவு 74. எழுதியிருக்கும் தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது, நியாயமான இழப்பீடுதான், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. ஆனால் அதைச் சொல்ல நீங்கள் கோர்ட் ஏற வேண்டும்.

கையெழுத்துக்கு முன் தேட வேண்டிய வரிகள்: பாண்ட் எந்தத் தேதியில் ஓட ஆரம்பிக்கிறது, சேர்ந்த அன்றா, ரிலீஸ் ஆன அன்றா? தொகை மாதா மாதம் குறைகிறதா, கடைசி நாள் வரை முழுத் தொகையா? கமாண்ட் பயிற்சிக்குப் புது பாண்ட் வருமா, வந்தால் பழையதோடு சேர்ந்து ஓடுமா, அது முடிந்த பிறகா? ஏற்கெனவே டைப் ரேட்டிங் உள்ளவரிடம் ரேட்டிங் செலவு முழுவதற்கும் பாண்ட் கேட்டால், என்ன பயிற்சிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தேதி போடாத காசோலை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சிம் கதவு

ஒரே டைப்தானே, சிம் சுலபம் என்று வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது: வி1-க்கு (டேக்ஆஃபைக் கைவிட முடியாத வேகம்) பிறகு எஞ்சின் ஃபெயில். சுக்கான் சரி, பிட்ச் சரி, டிராக் நேராகப் போகிறது. 400 அடி தாண்டியதும் பழைய கம்பெனியின் கால்அவுட் (சத்தமாகச் சொல்ல வேண்டிய நிர்ணயித்த சொல்) வாயில் வருகிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர் எதிர்பார்த்த சொல் அது இல்லை. அவர் காத்திருக்கிறார், இவரும் காத்திருக்கிறார். கோளாறைக் காட்டும் ஈசிஏஎம் திரையில் முதல் வரி அப்படியே நிற்கிறது, விமானம் ஏறிக்கொண்டே போகிறது. ஓட்டத் தெரியாததால் வரும் தடுமாற்றம் இல்லை இது. புது எஸ்ஓபி (செயல்முறைக் கையேடு) கைக்கு வந்ததும் கால்அவுட்டை மட்டும் தனியாக எழுதி, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். எஞ்சின் வேறு என்றால் ஸ்டார்ட் நேரமும் மாறும். பிராட் எஞ்சின் சுற்றிக் குளிர நேரம் எடுக்கும், லீப் எஞ்சினில் பழகியவர் ஏதோ கோளாறு என்று நினைப்பார்.

தேதிகள்தான் பெரிய தலைவலி. நோட்டீஸில் இருப்பவருக்குப் பழைய கம்பெனி சிம் ஸ்லாட் ஒதுக்கத் தயங்கும். பிபிசி (பைலட் திறன் சோதனை) ஆறு மாதம்தான் செல்லும். புது கிளாஸ் ஒரு மாதம் தள்ளிப்போனால் பிபிசி காலாவதி, 90 நாளில் மூன்று டேக்ஆஃப் மூன்று லேண்டிங்கும் போச்சு. அப்புறம் கன்வர்ஷன் சிம்முக்கு முன்னால் இன்னொரு சிம். ராஜினாமா தேதியைக் கடைசி பிபிசி தேதியை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

கடைசி நாளன்று ரோஸ்டர் ஆப்பும் மெயிலும் அணைந்துவிடும். அதற்கு முன்பே பறந்த மணிக்குச் சான்றிட்ட பட்டியல், கடைசி பிபிசி படிவம், ரிலீஸ் சான்று, ஆபத்தான சரக்கு, ஏவியேஷன் செக்யூரிட்டி சான்றிதழ்கள், எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஏர்போர்ட் பாஸைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். அது இல்லாமல் நோ-ட்யூஸ் (பாக்கி இல்லை சான்று) நகராது. புது பாஸ் விமானப் பாதுகாப்பு அமைப்பான பிசிஏஎஸ் சரிபார்ப்பு முடிந்துதான் வரும்.

வலதுசீட்

கோப்புக்கட்டு சார், நன்றி. பேஸ் விஷயத்தை யாரும் தொடவில்லையே? சென்னையில் வீடு, டெல்லி பேஸ் என்று ஆஃபர் வருகிறது.

வாரஓய்வு

அதற்கும் கணக்கு இருக்கிறது. வார ஓய்வு இப்போது 48 மணி, இரண்டு உள்ளூர் இரவோடு. வெள்ளி இரவு 11 மணிக்கு டெல்லியில் டூட்டி முடிகிறது. சனி அதிகாலை விமானத்தைப் பிடித்தால் சென்னை வீட்டு வாசலில் பத்து மணி. திங்கள் காலை ஐந்தரைக்கு ரிப்போர்ட் என்றால் ஞாயிறு மாலையே கிளம்ப வேண்டும். வீட்டில் தூங்குவது ஒரே இரவு. அதுவும் ஸ்டாஃப் டிக்கெட்டில் இடம் கிடைத்தால். பொங்கலுக்கு முந்தைய வாரம் கேட் கவுன்டரில் யூனிஃபார்மோடு சூட்கேஸ் பிடித்து நிற்பவர்களைப் பாருங்கள். கடைசிப் பயணி உள்ளே போகும்வரை பெயர் கூப்பிட மாட்டார்கள். கதவு மூடியதும் அப்படியே திரும்பிப் போவார்கள். மாதம் இரண்டு முழுக்கட்டண டிக்கெட், டெல்லியில் ஒரு அறை வாடகை இரண்டையும் சம்பளத்திலிருந்து கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். "பேஸ் பின்னால் மாற்றித் தருகிறோம்" என்றால் சென்னைக்குக் காத்திருப்போர் பட்டியலில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

பாலிசி எண்

லைசென்ஸ் இழப்பு இன்ஷூரன்ஸையும் பாருங்கள், மெடிக்கலில் லைசென்ஸ் போனால் பணம் தருவது அது. க்ரூப் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புது கம்பெனியில் பயிற்சிக் காலத்தில் கவர் உண்டா, ரிலீஸுக்குப் பிறகுதானா என்று லெட்டரில் இருக்காது, பாலிசிப் பத்திரத்தில் இருக்கும். நடுவில் மெடிக்கலில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ தெரிந்தால் புது பாலிசி அதை ஏற்கெனவே இருந்த நோய் என்று ஒதுக்கலாம். ராஜினாமாவுக்கு முன்னாலேயே, ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும்போதே, தனிநபர் பாலிசிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.