ஸ்க்ராட்ச் கையேடு: படத்தில் உள்ளபடியே அடுக்கினாலும் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி ஓடுகிறது

மலர்விழி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்க்ராட்ச் 3 (வண்ணப் பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் செயலி) சொல்லித் தருகிறோம். லேப்டாப்புகளில் நெட் கிடையாது, ஆஃப்லைன் செயலிதான். முதல்முறை தொடும் பிள்ளை தானே படித்துச் செய்கிற மாதிரி தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதி வருகிறேன்.

ஆட்டம் எளிது. அம்புக்குறிகளால் பூனையை நகர்த்த வேண்டும். ஆப்பிளைத் தொட்டால் ஒரு புள்ளி, ஆப்பிள் வேறு இடத்துக்குத் தாவிவிடும். பூனையிடம் வலது அம்புக்குறிக்கு "பாயிண்ட் இன் டைரக்ஷன் 90", "மூவ் 10 ஸ்டெப்ஸ்". இடதுக்கு அதே, -90 திசையில். மேலுக்கும் கீழுக்கும் "சேஞ்ச் ஒய் பை". அதுபோக, பச்சைக் கொடி (ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தான்) பிளாக்குக்குக் கீழே ஒரு "ஃபாரெவர்" (நிற்காமல் திரும்பத் திரும்ப ஓட்டும் பிளாக்), அதற்குள் "இஃப் டச்சிங் ஆப்பிள்" (ஆப்பிளைத் தொட்டால்), "சேஞ்ச் ஸ்கோர் பை 1". ஆப்பிளிடமும் தனியாக ஒரு "ஃபாரெவர்": பூனை தொட்டால் "கோ டு ரேண்டம் பொசிஷன்".

என் கணினியில் எந்தத் தொல்லையும் இல்லை. பிள்ளைகளும் படத்தைப் பார்த்து அப்படியே அடுக்கியிருக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டேன். ஆனால் இடது அம்புக்குறியை அழுத்தினால் பூனை தலைகீழாகிறது. சிலருக்கு ஆப்பிள் தாவுகிறது, ஸ்கோர் மட்டும் ஏறவே இல்லை. அடுத்த லேப்டாப்பில் அதே பிளாக்குகளுக்கு ஏறுகிறது! ஒரு பெண் "என்கிட்ட நீல பிளாக்கே இல்லை மிஸ்" என்கிறாள். கையேட்டில் எதைச் சேர்த்தால் இது தீரும்?

சரவணன்:
மேடம், பூனை விஷயம் முதலில். புது ப்ராஜெக்டில் எந்த ஸ்ப்ரைட்டும் (பூனை, ஆப்பிள் போன்ற உருவம்) முழுதாகச் சுழலும்படிதான் இருக்கும். 90 என்பது வலது, -90 இடது. வலதிலிருந்து இடதுக்கு 180 டிகிரி சுழன்றால் பூனை தலைகீழாகத்தானே நிற்கும். உங்களுக்கு அப்படி ஆகவில்லை என்றால் நீங்கள் எங்கோ மாற்றியிருக்கிறீர்கள். ஆட்டம் ஓடும் ஸ்டேஜுக்குக் கீழே "டைரக்ஷன்" என்று ஓர் எண் இருக்கும், அதைச் சொடுக்குங்கள். சின்ன வட்டம் ஒன்று திறக்கும், அதன் அடியில் மூன்று பொத்தான்கள். எது தேர்வாகியிருக்கிறது?

மலர்விழி:
"லெஃப்ட்/ரைட்" தேர்வாகியிருக்கிறது சார். ஆமாம், ஆரம்பத்திலேயே அதை வைத்துவிட்டுத்தான் பிளாக் அடுக்கினேன்.

சரவணன்:
அதேதான். மவுஸால் செய்த அந்த மாற்றம் பிளாக் படத்தில் எங்கும் தெரியாது. பிள்ளைகள் படத்தை மட்டும்தானே பார்க்கிறார்கள். "செட் ரொட்டேஷன் ஸ்டைல் லெஃப்ட்-ரைட்" என்று, நீல பிளாக்குகள் உள்ள மோஷன் பகுதியில் ஒரு பிளாக்கே இருக்கிறது. பூனையின் பச்சைக் கொடிக்குக் கீழே அதைப் போட்டுவிடுங்கள்.

இதே காரணத்துக்காக இன்னொன்று. கொடியை அழுத்தினால் டைமர் பூஜ்யமாகும், க்ளோன்கள் (ஸ்ப்ரைட்டின் நகல்கள்) அழியும், ஆனால் எல்லாமே பழைய நிலைக்குத் திரும்பாது. ஸ்ப்ரைட் நிற்கும் இடம், பார்க்கும் திசை, காஸ்ட்யூம் (தோற்றம்), ஸ்கோர் எல்லாம் போன ஆட்டத்தில் விட்ட இடத்திலேயே இருக்கும். ஆகவே "கோ டு எக்ஸ் ஒய்", "செட் ஸ்கோர் டு 0" இரண்டையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று பல கையேடுகள் இதைத் தள்ளிப்போடுகின்றன; எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

பாத்திமா டீச்சர்:
நீல பிளாக் இல்லை என்ற பிள்ளை ஸ்டேஜின் பின்னணிப் படமான பேக்டிராப்பைச் சொடுக்கியிருக்கும்மா. ஸ்டேஜ் தேர்வாகியிருந்தால் மோஷன் பகுதி காலியாக இருக்கும், "ஸ்டேஜ் செலக்டெட்: நோ மோஷன் பிளாக்ஸ்" என்று ஒரு வரி மட்டும் வரும். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்கிற பிள்ளைக்கு அது உதவாது. "பூனைப் படத்தைச் சொடுக்கு, அப்புறம் பிளாக்கைத் தேடு" என்று ஒவ்வொரு படியின் தலையிலும் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வருகிறதே என்று தயங்க வேண்டாம்.

பிளாக் அடுக்கும் இடத்தின் வலது மேல் மூலையில், எந்த ஸ்ப்ரைட் தேர்வாகியிருக்கிறதோ அதன் உருவம் மங்கலாகத் தெரியும், கவனித்திருக்கிறீர்களா? ஸ்க்ரீன்ஷாட்டை வெட்டும்போது அந்த மூலையை விட்டுவிடாதீர்கள். யாருக்கு எழுதுகிற பிளாக் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறீர்களா? ஈவன்ட்ஸின் மஞ்சளும் கன்ட்ரோலின் ஆரஞ்சும் கலரிலேயே நெருக்கமானவை, ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பல். எந்தப் பகுதியில் எடுக்க வேண்டும் என்று பெயரைப் போட்டு எழுதினால்தான் புரியும்.

நிரலன்:
ஸ்கோர் சிக்கலுக்கு வருகிறேன், இதில் இதுதான் சுவையான பகுதி. ஒரே தொடுகையை இரண்டு பேர் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள்: பூனை ஒருபுறம், ஆப்பிள் ஒருபுறம். ஸ்க்ராட்ச் பார்ப்பதற்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டுவது போல இருந்தாலும், உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட்டுகிறது. முன் அடுக்கில் (அதாவது மற்றவற்றுக்கு மேலே தெரியும்படி) இருக்கிற ஸ்ப்ரைட்டுக்கு முதல் முறை.

பூனை முன்னால் இருந்தால், அது தொடுகையைப் பார்க்கிறது, ஸ்கோர் ஏறுகிறது, அடுத்து ஆப்பிள் தாவுகிறது. ஆப்பிள் முன்னால் இருந்தால், அது முதலில் பார்த்துத் தாவிவிடும். பூனையின் முறை வரும்போது தொட அங்கே ஒன்றுமே இல்லை. ஸ்கோர் எப்படி ஏறும்?

சரி, முன்னால் இருப்பது எது என்பதை யார் முடிவு செய்தது? எடிட்டரில் ஒரு ஸ்ப்ரைட்டை மவுஸால் இழுத்தால் அது முன் அடுக்குக்கு வந்துவிடும். கடைசியாகப் பூனையை இழுத்து வைத்த பிள்ளைக்கு ஸ்கோர் ஏறும், ஆப்பிளை இழுத்து வைத்த பிள்ளைக்கு ஏறாது. பிளாக்குகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் ஆட்டம் வேறாக ஓடியது இதனால்தான். சந்தேகம் இருந்தால் உங்கள் கணினியிலேயே ஆப்பிளைக் கொஞ்சம் இழுத்துவிட்டு ஆடிப் பாருங்கள்.

"கோ டு ஃப்ரண்ட் லேயர்" போட்டும் சமாளிக்கலாம், ஆனால் வேண்டாம். சோதனையை ஒரே இடத்தில் வையுங்கள். ஆப்பிளின் "இஃப்"க்குள்ளேயே முதலில் "சேஞ்ச் ஸ்கோர் பை 1", அடுத்து "கோ டு ரேண்டம் பொசிஷன்". பூனையின் "ஃபாரெவர்" அடுக்கையே நீக்கிவிடலாம். யார் முந்தினாலும் கவலை இல்லை.

மலர்விழி:
ஆப்பிளை இழுத்தேன், ஸ்கோர் நின்றுவிட்டது! பூனையை இழுத்தேன், மறுபடி ஏறுகிறது. ரொம்ப நன்றி சார், இது இல்லாமல் நான் பிளாக் படத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

கார்த்தி:
இவ்வளவு எதற்கு அக்கா? ஸ்ப்ரைட்களை வைத்து, சுழற்சியையும் சரிசெய்து, ஒரு எஸ்பி3 கோப்பாகப் (ஸ்க்ராட்ச் ப்ராஜெக்டைச் சேமிக்கும் கோப்பு) பென்டிரைவில் கொடுத்துவிடுங்கள். ஃபைல் மெனுவில் "லோட் ஃப்ரம் யுவர் கம்ப்யூட்டர்" போதும். அரைமணி நேரம் மிச்சம்.

சரவணன்:
தம்பி, வகுப்புக்கு அது சரி. ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வெற்று ப்ராஜெக்டைத் திறந்து நாயையோ மீனையோ ஓடவிட்டால், அது தலைகீழாகும்போது என்ன செய்வது என்று தெரியாது. தயார்க் கோப்பு கொடுத்தாலும், அதில் கையால் வைத்த எதையும் மிச்சம் விடாமல் பிளாக்காகப் போட்டுக் கொடுங்கள்.

மலர்விழி:
வெற்று ப்ராஜெக்டிலிருந்தே தொடங்குகிறேன். ஆப்பிள் பக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"ஆப்பிள் படத்தைச் சொடுக்கு. வலது மூலையில் மங்கலாக ஆப்பிள் தெரிகிறதா? தெரிந்தால் தொடரு. ஈவன்ட்ஸில் பச்சைக் கொடி பிளாக்கை எடுத்து வை. அதன் கீழ் கன்ட்ரோலில் இருந்து 'ஃபாரெவர்'. அதன் வாய்க்குள் 'இஃப்'. 'இஃப்'பின் அறுகோணப் பள்ளத்தில் சென்சிங்கில் உள்ள 'டச்சிங்', அதில் பூனையைத் தேர்ந்தெடு. 'இஃப்'க்குள் ஸ்கோரை 1 கூட்டு, அதன் கீழ் ரேண்டம் பொசிஷன். கொடியை அழுத்திப் பூனையை ஆப்பிள்மேல் ஓட்டு. ஆப்பிள் தாவ வேண்டும், ஸ்கோர் 1 ஆக வேண்டும். ஆகவில்லையா? 'இஃப்' முழுவதும் 'ஃபாரெவர்' வாய்க்குள் இருக்கிறதா என்று பார். கடைசியாக 'செட் ஸ்கோர் டு 0'."

பாத்திமா டீச்சர்:
என்ன பார்க்க வேண்டும், வராவிட்டால் எங்கே தேட வேண்டும் என்று எழுதியிருப்பது அருமை. இதை எல்லாப் பக்கத்திலும் செய்யுங்கள்.

நிரலன்:
ஒரே ஒரு திருத்தம். "ஃபாரெவர்" அடியில் எந்தப் பிளாக்கும் ஒட்டாது, அதனால் "செட் ஸ்கோர் டு 0" கொடிக்குக் கீழே, "ஃபாரெவர்"க்கு மேலே வர வேண்டும். ஆப்பிளுக்கு ஒரு தொடக்க இடமும் அங்கேயே கொடுங்கள். பூனை நடுவில் 0, 0-இல் தொடங்கினால் ஆப்பிளுக்கு 150, 100 போடலாம். ஸ்டேஜின் அகலம் 480, உயரம் 360, ஆகவே உள்ளேதான் இருக்கும்.

அப்புறம், ரேண்டம் பொசிஷன் எப்போதாவது பூனையின் மேலேயே விழும், சும்மா ஒரு புள்ளி ஏறும். அதை முதல் கையேட்டில் தொட வேண்டாம். ஒரு பிள்ளை தானாகக் கவனித்துக் கேட்டால் "ரிப்பீட் அன்டில்" பிளாக்கை எடுத்துக் கொடுங்கள்: பூனையைத் தொடாத இடம் கிடைக்கும்வரை ஆப்பிள் தாவட்டும்.