கிரிப்டோ மூலதனம் இல்லையா? பிரிட்டோரியா தீர்ப்பு பற்றி

சிவா (சாட்ஸ்வொர்த்):
2025 மே மாதம் நம் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மோத்தா கொடுத்த தீர்ப்பை இங்கே யாரும் பேசவில்லையே. லியோ கேஷ் அண்ட் கேரி நிறுவனம் பிட்காயின் வாங்கி வெளிநாட்டுத் தளத்துக்கு அனுப்பியது என்று சொல்லி, அதன் கணக்கில் இருந்த சுமார் 1.6 கோடி ராண்டை ரிசர்வ் வங்கி பறிமுதல் செய்தது. அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருந்த ஸ்டாண்டர்ட் பேங்க் வழக்குப் போட்டது. 1961ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகளின்படி கிரிப்டோ பணமும் இல்லை, மூலதனமும் இல்லை என்று பறிமுதலை நீதிபதி ரத்து செய்துவிட்டார். இது ரொம்பத் தப்பு. நானும் நீங்களும் சென்னைக்குப் பெரிய தொகை அனுப்பினால் வங்கியில் படிவத்துக்கு மேல் படிவம். பணக்காரன் பிட்காயினாக மாற்றி அனுப்பினால் கேட்க ஆள் இல்லையா?

தேவி (டர்பன்):
அண்ணா, ஓட்டை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதை அடைக்க வேண்டியவர் நீதிபதியா? 2011இல் ஆயில்வெல் வழக்கில் வணிக முத்திரை மூலதனம் ஆகாது என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடமே, 2012 ஜூனில், அரசு விதியைத் திருத்தி அறிவுசார் சொத்தையும் சேர்த்துவிட்டது. மனம் வைத்தால் முடிகிறது! பிட்காயின் 2009இலிருந்து இருக்கிறது, ஏன் திருத்தவில்லை? ஒருவருடைய சொத்தைப் பிடுங்கும் அதிகாரம் சாதாரணமானது இல்லை. எழுதாத விதியை வைத்துப் பிடுங்கினால் நாளைக்கு யார் தலையில் விழும் என்று யோசியுங்கள்.

சிவா (சாட்ஸ்வொர்த்):
அந்தத் தாமதத்துக்கு நாடு ஏன் விலை கொடுக்க வேண்டும்? ரிசர்வ் வங்கி மேல்முறையீடு செய்தது நியாயம்தான். மக்களிடம் பிட்காயின் வாங்கிக் கவிழ்ந்த எம்டிஐ (மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல்) நிறுவன விவகாரத்தில் இதே நாட்டு நீதிமன்றம் பிட்காயினைக் கம்பெனிச் சொத்தாகப் பார்த்ததே. அங்கே சொத்து, இங்கே ஒன்றுமே இல்லையா?

லோகன் (பீனிக்ஸ்):
எம்டிஐ பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஸ்டெல்லன்பாஷில் இருந்த அந்த நிறுவனம் 2020 கடைசியில் கவிழ்ந்தது. 2023 ஏப்ரலில் வெஸ்டர்ன் கேப் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோத போன்சி, அதாவது புதிதாகச் சேருபவர் பணத்தைப் பழையவருக்குக் கொடுக்கும் மோசடி, என்று அறிவித்து, முதலீட்டாளர்களோடு போட்ட ஒப்பந்தங்கள் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்றது. அமெரிக்காவின் முன்பேரச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான சிஎஃப்டிசி கணக்குப்படி உள்ளே போனது 29,421 பிட்காயின். தரகு நிறுவனத்திடமிருந்து லிக்விடேட்டர்கள் (கவிழ்ந்த நிறுவனத்தின் சொத்தைத் திரட்ட நியமிக்கப்பட்டவர்கள்) மீட்டது 1281. சொத்து என்று சொல்லிவிட்டதால் மட்டும் மிச்சம் வந்துவிட்டதா? எங்கள் பக்கத்தில் ஓய்வூதியப் பணத்தை இந்த மாதிரித் திட்டங்களில் போட்ட பெரியவர்களை எனக்குத் தெரியும். மூலதனமா இல்லையா என்பது அவர்கள் கவலையே இல்லை.

தேவி (டர்பன்):
இல்லை லோகன், பெயர் முக்கியம். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பாருங்கள். ஒரு பெண்மணி வாசிர்எக்ஸ் என்ற இந்தியக் கிரிப்டோ வர்த்தகத் தளத்தில் 1,98,516 ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி என்ற கிரிப்டோவை வாங்கியிருந்தார், 3532 காயின் சொச்சம். 2024 ஜூலையில் அந்தத் தளத்தில் திருட்டு நடந்தது. திருடு போனது வேறு வகை டோக்கன்கள். ஆனாலும் எல்லாருடைய கணக்கையும் முடக்கி, நஷ்டத்தை எல்லார் தலையிலும் பங்கு போடப் பார்த்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன சொன்னார்? கிரிப்டோ நாணயம் இல்லை, ஆனால் சொத்து. அனுபவிக்கலாம், இன்னொருவர் பொறுப்பில் நம்பிக்கையாக ஒப்படைக்கவும் செய்யலாம். அதனால்தான் அந்தம்மாவுக்கு இடைக்காலப் பாதுகாப்பு கிடைத்தது. சிவா அண்ணா கேட்டதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது: ஒரே பொருள் சொத்தாக இருக்கலாம், செலாவணி விதியின் மூலதனமாக இல்லாமலும் இருக்கலாம்.

லோகன் (பீனிக்ஸ்):
சரி அக்கா, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தம்மாவுக்குத் தன் காயின் எந்தக் கணக்கில், எத்தனை என்று காட்ட முடிந்தது. எம்டிஐயில் எல்லாம் ஒரே குட்டையில் கலந்துபோனது. காயினைத் தளத்திலேயே விட்டுவைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்: உங்கள் பெயரில் தனியாக வைத்திருக்கிறார்களா, மொத்தமாகவா?

சிவா (சாட்ஸ்வொர்த்):
அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பிரிட்டோரியா விஷயத்தில் நான் மாறவில்லை. மேல்முறையீட்டில் என்ன ஆகிறதோ, கருவூலம் அதற்காகக் காத்திராமல் விதியைத் திருத்தட்டும்.