புதுப்பிப்பு: சுவரைத் தாண்டிய ஆரஞ்சு நின்றுவிட்டது

இயற்பியல் விளையாட்டுப் போட்டிக்காக, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஆரஞ்சு ஏற்றி இறங்கும் லாரியை வைத்து ஒரு கணினி விளையாட்டு செய்கிறேன். கொண்டை ஊசி வளைவில் சிதறும் பழங்கள் தடுப்புச் சுவரை ஊடுருவிப் போய்விடுகின்றன, ஏன் என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டது.

நான் விளையாட்டை உருவாக்கப் பயன்படுத்தும் கோடோ (Godot) மென்பொருள் இயல்பாக நொடிக்கு 60 முறைதான் பொருள்களின் அசைவையும் மோதலையும் கணக்கிடும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பறக்கும் பழம் இரண்டு கணக்குகளுக்கு நடுவே 33 செ.மீ. தாண்டிவிடும். என் சுவரின் கனம் 20 செ.மீ., பழம் 8 செ.மீ. ஒரு கணக்கில் சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம். மோதலே பதிவாகவில்லை!

சுவரைத் தடிமனாக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். சரியாகத்தான் இருந்திருக்கும், ஆனால் மலைப்பாதையின் குறுகல்தான் இந்த விளையாட்டின் உயிர். அதனால் பழங்களுக்குத் தொடர் மோதல் கண்டறிதலை (இரண்டு கணக்குகளுக்கு நடுவே பழம் போகும் வழியையும் சோதிக்கும் வசதி) இயக்கி, கணக்கை நொடிக்கு 120 முறை ஆக்கினேன். நேற்று இரவு 20 வளைவுகளிலும் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு பழம்கூடத் தாண்டவில்லை; சுவரில் பட்டு, உருண்டு, சாலையோரம் நின்றது.

அப்புறம், பழைய மடிக்கணினியில் வேகம் குறைகிறதா என்பதை மட்டும் இன்னும் பார்க்க வேண்டும். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.